காய்க்காத மரத்தின் மதிப்பு

ஓர் உயிரின் மதிப்பு அது தரும் பயனில் இருக்கிறதா, அன்றி அது இருக்கிறது என்பதிலேயே இருக்கிறதா? இவ்வினா மெய்யியல் நூல்களில் மட்டும் வாழும் வினா அன்று. பக்கவாதத்தில் விழுந்துவிட்ட தந்தையின் கட்டிலருகே நிற்கும் மகன் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை; ஆயினும் மருத்துவமனைக் கணக்கைக் கையில் வாங்கும்போது அது அவன் நெஞ்சில் நிழலாடுகிறது. மணமாகிப் பத்தாண்டுகள் கடந்தும் மடி நிறையாத மனைவி, உறவினர் வீட்டு வளைகாப்புக்குச் செல்லலாமா வேண்டாமா எனத் தயங்கும்போது அவளுக்குள் எழுவதும் இவ்வினாவே. நம் காலத்து அறிவியல், தான் அறியாமலேயே, இப்பழைய வினாவைப் புதியதோர் இடத்திலிருந்து எழுப்பியிருக்கிறது. அந்த இடம் ஒரு சேற்றுக்காடு. அங்கிருந்து தொடங்கி இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

பெசன்ட் நகரில் வாழும் நாம் இரு நீர்களுக்கு அருகே வாழ்கிறோம். கிழக்கே வங்கக்கடல், வடக்கே, ஆலமரத்தால் புகழ்பெற்ற பிரம்மஞான சபைத் தோட்டத்திற்கு அப்பால், அடையாற்றின் முகத்துவாரம். உப்பும் நன்னீரும் கலக்கும் இத்தகைய முகத்துவாரங்களே அலையாத்தி மரங்களின் தாயகம். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்றனர் நம் முன்னோர். நகரம் வளர வளர, அடையாற்றுக் கழியில் சேறும் கழிவும் மிஞ்சின. பின்னர் அந்நிலத்தின் ஒரு பகுதியைத் திருத்தி, 2011-ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் திறந்தார்கள். கழிநிலத்துக்கு உரிய செடிகளை மீண்டும் நட்டு வளர்த்த பணி அது. ஆனால் அழிந்ததை மீண்டும் நட முனையும் எவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: எந்தக் கன்றை நடுவது? ஒரே தாய்மரத்தின் கன்றுகளைக் கொண்டே ஒரு காட்டை நிரப்பினால் அது காடாகுமா? கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கன்றுகள் உள்ளுக்குள்ளும் ஒன்றுதானா? இவ்வினாக்களுக்கு விடை காணும் கருவியைத்தான் மரபணுக் குறியீடு என்கிறார்கள்.

உயிரின் பதிவேடு

பங்கு நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. திருமணம் பேசி வரும்போது, மணமக்களுக்கிடையே இரத்த உறவுத் தடை உண்டா எனப் பார்க்க வேண்டியிருந்தால் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டுகிறோம். முகச்சாயல் ஏமாற்றலாம், ஊரார் வாய்மொழி பிழைபடலாம், பதிவேடு பெரும்பாலும் பிழைபடுவதில்லை. அவ்வாறே ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு பதிவேடு இருக்கிறது. டி.என்.ஏ. எனப்படும் அந்நெடிய இழையில், நான்கே எழுத்துகளின் அடுக்கு வரிசையில், அவ்வுயிரின் வழிவழிச் செய்தி எழுதப்பட்டுள்ளது.

இப்பதிவேடு உண்டு என்பதை முதலில் உய்த்துணர்ந்தவர் ஒரு துறவி என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் அகுஸ்தீனார் சபை மடத்தில் வாழ்ந்த கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி, குறித்து வைத்தார். 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1884-இல் அவர் இறந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் தனித்தனியே அவ்வுண்மையை மீண்டும் எட்டி, அவர் பெயரைத் தேடி எடுத்தனர். பயன் உடனே தெரியாததால் ஒன்று பயனற்றதாகிவிடாது என்பதற்கு அத்துறவியின் வாழ்வே சான்று.

முழுப் பதிவேட்டையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது ஒரு காலத்தில் பெருஞ்செலவு பிடித்த வேலை. அதனால் குறுக்கு வழிகளைத் தேடினார்கள். கேரி முல்லிஸ் 1983-இல் கண்டறிந்து 1993-இல் நோபல் பரிசு பெற்ற பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறை, ஒரு துளி டி.என்.ஏ.வைப் பல கோடிப் படிகளாகப் பெருக்கித் தந்தது. 1990-இல் அதிலிருந்து இன்னொரு முறை பிறந்தது. ஏறத்தாழப் பத்தே எழுத்துகள் கொண்ட சிறு துணுக்கு ஒன்றை டி.என்.ஏ.வோடு சேர்ப்பார்கள். அப்பத்து எழுத்துகளுக்குப் பொருந்தும் இடங்கள் இழையில் எங்கெங்கே அருகருகே எதிரெதிராக அமைந்துள்ளனவோ, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகள் மட்டும் பெருகும். அவற்றைக் கூழ்த்தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறியவை விரைந்தும் பெரியவை தயங்கியும் நகர்ந்து கோடுகளாக நிற்கும். இரு செடிகளின் கோடுகள் ஒத்திருந்தால் நெருங்கிய உறவு, வேறுபட்டால் தொலைவு. இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஆய்வுக்கூடம் மாறினால் கோடுகளும் சற்றே மாறக்கூடும். ஆகவே பின்வந்தவர்கள் இன்னும் உறுதியான குறியீடுகளை நாடினர். ஆயினும், மலைச்சரிவில் வளரும் காட்டு வயலட் பூச்செடியானாலும் கழிமுகத்துச் சேற்றில் நிற்கும் முள்ளிச் செடியானாலும், எவரும் விதைத்து வளர்க்காத எளிய தாவரங்களின் உறவு முறையைக் கண்முன் காட்டியவற்றுள் இக்கோடுகளும் அடங்கும்.

பிச்சாவரத்துக் கலப்பு மரம்

பெசன்ட் நகரிலிருந்து சில கல் தொலைவில் தரமணியில் இருக்கிறது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1988-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில், அஜய் பரிடாவும் அவருடன் உழைத்தவர்களும் 1990-களில் இந்தியக் கடற்கரைகளின் அலையாத்தித் தாவரங்களை இம்முறைகளால் ஆராய்ந்தனர். வெண்கண்டல், கருங்கண்டல், கழிமுள்ளி, சுரபுன்னை என நம் மீனவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் செடிகளே அவர்தம் ஆய்வுப் பொருள். ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளிடையேயும், அவை வாழும் இடத்திற்கேற்ப உள்வேறுபாடு உண்டு என அவ்வாய்வுகள் காட்டின. கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் காடு, உண்மையில் பல குடும்பங்கள் கூடி வாழும் ஓர் ஊர்.

அவற்றுள் ஒரு மரத்தின் கதை நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் காட்டில் சுரபுன்னை வகை மரங்கள் சில, எந்த இனத்தோடும் முழுதாக ஒத்துப்போகாமல் நின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த அறிஞர் கதிரேசன், 1995-இல் இதனைப் பிற நாடுகளில் முன்பே அறியப்பட்ட ஒரு கலப்பு மரமாக அடையாளம் கண்டார். அக்கலப்பின் பெற்றோருள் ஒன்று பிச்சாவரத்தில் இல்லாத ஓர் இனம். 1997-இல் வெளிவந்த தரமணி ஆய்வு, மரபணுக் கோடுகளை ஒப்பிட்டு, இம்மரத்தின் பெற்றோர் பிச்சாவரத்திலேயே அருகருகே வளரும் இரு சுரபுன்னை இனங்களே எனக் காட்டியது. 1999-இல் கதிரேசன் அதற்கு அண்ணாமலையின் பெயரையே சூட்டினார்: ரைசோபோரா அண்ணாமலயானா. பிற கடற்கரைகளிலும் பின்னர் இக்கலப்பு கண்டறியப்பட்டது.

சுரபுன்னையின் தனிச்சிறப்பு யாவரும் அறிந்ததே. அதன் வித்து தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடுகிறது. நீண்ட பச்சைக் குச்சிபோல் வளர்ந்து, முதிர்ந்த பின்னரே தாயைப் பிரிந்து நீரில் விழுகிறது. பிள்ளையை இடுப்பில் சுமக்கும் தாயைப்போல் நிற்பது சுரபுன்னை. ஆனால் இக்கலப்பு மரமோ பூக்கிறது. காய்ப்பது மிக அரிது. அதன் மகரந்தத்தில் பெரும்பகுதி வளமற்றது. அத்தகைய ஒவ்வொரு மரமும் இரு வேறு இனத்துப் பெற்றோருக்கு நேரே பிறந்த முதல் தலைமுறை. பெற்றோர் உண்டு; பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை. பதிவேட்டில் அதற்கு முந்தைய பக்கம் இருக்கிறது. பிந்தைய பக்கம் வெறுமையாய் இருக்கிறது.

இப்போது வினா கூர்மையடைகிறது. காட்டைக் காக்கும் பணமும் ஆளும் எப்போதும் அளவோடுதான் கிடைக்கும். அப்படியானால், தன் இனத்தைப் பெருக்காத இம்மரத்தைக் காப்பதில் பொருள் உண்டா?

பயன் என்னும் அளவுகோல்

இத்தகைய வினாவுக்கு நம் காலம் தரும் வழக்கமான விடை, பயனைக் காட்டுவது. அவ்விடையில் உண்மை உண்டு. அதனை நாம் அலட்சியம் செய்யலாகாது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழை மக்கள் பெரிதும் ஒரே வகைக் கிழங்கையே நம்பியிருந்தனர்; அதில் உள்வேறுபாடு இல்லை; எனவே எதிர்த்து நிற்கும் செடியும் இல்லை. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்ட கத்தோலிக்கர். நோய் மட்டுமா கொன்றது? ஆண்டவர்களின் நெஞ்சிறுக்கமும் கொன்றது. எனினும், பன்மையற்ற வயல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு அது நிலையான பாடம்.

இதற்கு மறுபக்கமாக ஒரு நற்செய்தியும் உண்டு. 1970-களில் ஆசியாவின் நெல் வயல்களைக் குட்டைப்புல் நச்சுயிரி நோய் வாட்டியபோது, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். எதிர்ப்பாற்றல் கிட்டியது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல் மாதிரியில். எவரும் அறுவடை செய்யாத அப்புல்லின் பண்பு ஏறிய நெல் வகைகளுள் ஒன்றுதான் நம் உழவர்கள் நன்கறிந்த ஐ.ஆர். 36. தரமணி ஆய்வாளர்களும் அவ்வழியே முயன்றனர். உப்பைத் தாங்கும் வெண்கண்டலின் மரபணு ஒன்றை நெல்லில் ஏற்றி, அந்நெல் உவர்ப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்குகிறது என 2008-இல் வெளியிட்டனர். மரபணு மாற்றப் பயிர்கள் நம் தட்டுக்கு வரலாமா என்பது தனியே ஆராய வேண்டிய பொருள். இங்கே அதற்குள் நாம் புகவில்லை. கடலோரச் சேற்றில் எவரும் கண்டுகொள்ளாத ஒரு மரத்துக்குள்ளும் பிறர்க்கு உதவும் கொடை மறைந்திருக்கலாம் என்பதே நாம் காண வேண்டியது.

ஆயினும் பயனை மட்டுமே அளவுகோலாக்கினால் இரு இடர்கள் நேரும்.

முதலாவது, பயன் பற்றிய வாதம் சாயும்போது மதிப்பும் சாயும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிற்று. நம் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் அதன் சீற்றத்தைக் கண்டன. பிச்சாவரக் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் இழப்பு குறைவு எனச் செய்திகள் வந்தன. 2005-இல் ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. உடனே நாடெங்கும் அலையாத்திக்குப் புகழ் பாடினர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள், அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே பெரிதும் காரணமாகலாம் என மறுத்து எழுதினர். அலையின் வேகத்தை மரங்கள் ஓரளவு தணிக்கின்றன என்பது உண்மை. எவ்வளவு என்பதே வழக்கு. இவ்வழக்கில் நாளை தீர்ப்பு எதிராக வந்தால், காட்டை வெட்டி இறால் பண்ணை அமைத்துக்கொள்ளலாமா? பயனைக் காட்டி மட்டுமே ஒன்றைக் காத்தவன், பயன் போனால் அதைக் காக்கச் சொல்லின்றி நிற்பான்.

இரண்டாவது இடர் இன்னும் நுண்ணியது. வேற்றுமையை அளக்கும் கருவியே மதிப்பை அளக்கும் கருவியாக மாறிவிடலாம். ஒரு திட்டில் உள்ள மரங்கள் பக்கத்துத் திட்டு மரங்களோடு மரபணுவில் ஒத்திருப்பதாக ஆய்வு சொல்கிறது என்று கொள்வோம். ‘புதிதாக ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே சாலை போடலாம்’ என எவரேனும் முடிவு கட்டினால்? ஆய்வு சொன்னது, அம்மரங்கள் ஒத்திருக்கின்றன என்பது மட்டுமே; அவை தேவையில்லை என அது சொல்லவில்லை. இருப்பதை உரைப்பது அறிவியல். செய்யத்தக்கதை உரைப்பது அறநெறி. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவும்போது, இடையில் ஒரு பள்ளம் இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸின் விடை

படைப்பில் இத்தனை வேற்றுமை ஏன் என்னும் வினாவை, மரபணு என்ற சொல்லே இல்லாத பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுப்பினார். அவர்தம் இறையியல் தொகுப்பின் முதற்பகுதியில் 47-ஆம் வினா இதற்கெனவே அமைந்தது. அவர் கருத்தின் சாரம் இது: இறைவன் தம் நன்மையைப் படைப்புகளோடு பகிர்ந்துகொள்ளவே அவற்றைப் படைத்தார், எந்த ஒரு படைப்பும் தனித்து நின்று அந்நன்மையை நிறைவாகக் காட்ட இயலாது, ஆகவே ஒன்றில் குறைவது மற்றொன்றில் வெளிப்படுமாறு பலவற்றைப் பலவாறாகப் படைத்தார். வேற்றுமை தற்செயலால் விளைந்த சிதறல் அன்று. இறைவனே விரும்பிய ஒன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் இக்கருத்தை மீண்டும் எடுத்துரைத்தார். அழிந்துபோகும் இனங்களை நாம் சுரண்டத்தக்க வளங்களாக மட்டும் எண்ணுவது தவறு, அவற்றுக்குத் தம்மளவிலேயே மதிப்பு உண்டு எனவும் அம்மடலில் கற்பித்தார்.

பன்மையைக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை. ஆனால் நேர்மையாகச் சொல்வதாயின், நம் கலப்பு மரத்திற்கு அக்குவினாஸ் முழுத்துணை நிற்பதாகத் தோன்றவில்லை. அழியும் பொருள்களில் இயற்கை முதன்மையாக நாடுவது இனத்தின் தொடர்ச்சியையே என அவரே வேறோரிடத்தில் எழுதுகிறார். தனி மரம் மடியும், இனம் நிற்கும், தனியன்கள் இனத்தின் பொருட்டே. அப்படியானால் இனமாகத் தொடர இயலாத ஒரு தனியனுக்கு இயற்கையில் என்ன இடம்?

இங்கே அவருடைய முதற்கருத்தைக் கொண்டே இரண்டாவதை நிரப்பலாம் என நாம் எண்ணுகிறோம். ஒவ்வொரு படைப்பும் இறைநன்மையின் ஒரு சாயலைக் காட்டுகிறது என்றால், அச்சாயல் அப்படைப்பு வாழும் காலமெல்லாம் மெய்யே. ஒரு நாள் மட்டும் மலரும் பூவும் அந்த ஒரு நாளில் பொய்யாகப் பூக்கவில்லை. காய்க்காத அச்சுரபுன்னையும் தன் விழுதுகளால் சேற்றைப் பற்றி நிறுத்துகிறது. அதன் வேரிடுக்கில் நண்டும் இறால் குஞ்சும் ஒதுங்குகின்றன. அதன் இலை உதிர்ந்து மக்கி மீனுக்கு இரையாகிறது. தன் பிள்ளைகளுக்குத் தர இயலாததை அது ஊரார் பிள்ளைகளுக்குத் தருகிறது. இவையெல்லாம் இல்லாமற்போயினும், இரு இனங்கள் ஒன்றுகூடினால் என்ன தோன்றும் என்பதைப் படைப்பு முழுவதிலும் காட்டி நிற்பது அதைப் போன்ற மரம் ஒன்றே. அந்த ஒரு சொல்லைப் படைப்பு என்னும் நூலிலிருந்து அழிக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

காய்க்காத அத்தி மரம்

நற்செய்தியை நன்கு அறிந்த வாசகர் ஒருவர் இங்கே நம்மை இடைமறிக்கலாம். ‘காய்க்காத மரத்தை வெட்டச் சொன்ன உவமை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இல்லையா? கனியில்லாத அத்தியை ஆண்டவரே சபிக்கவில்லையா?’

தகுந்த தடையே. ஆனால் அவ்வுவமையை மீண்டும் ஒருமுறை வாசிப்போம். அத்தி, காய்க்கும் இயல்புடைய மரம், காய்க்கவே நடப்பட்டது, காய்க்கக்கூடியதாயிருந்தும் காய்க்கவில்லை. மனந்திரும்ப வாய்ப்பிருந்தும் திரும்பாத நெஞ்சத்துக்கு அது உவமை. இயலாமை அங்கே கண்டிக்கப்படவில்லை. இயன்றும் செய்யாமையே கண்டிக்கப்படுகிறது. மேலும், வெட்டிவிடு என்பவர் குரலோடு அவ்வுவமை முடியவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு கேட்கும் தோட்டக்காரரின் குரலோடு முடிகிறது. நாம் எவர் குரலை நம் குரலாக்கிக் கொண்டிருக்கிறோம் என்பதே கேள்வி.

இயலாமையைப் பற்றி இறைவாக்கு தனியே பேசுகிறது. எசாயா 56-ஆம் அதிகாரத்தில், பிள்ளைப்பேறு பெற வழியற்ற அண்ணகர், தம்மைப் பட்டுப்போன மரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என ஆண்டவர் தடுக்கிறார். புதல்வர் புதல்வியரைவிடச் சிறந்ததொரு பெயரைத் தம் இல்லத்திலேயே, என்றும் அழியாத பெயராக, அவர்களுக்குத் தருவதாக வாக்களிக்கிறார். வழிமரபே ஒருவருக்கு நிலைபேறு என எண்ணிய ஒரு மக்களிடம், வழிமரபு அற்றவருக்கும் தம் வீட்டுச் சுவருக்குள் இடம் உண்டு என்றார் இறைவன். பட்ட மரம் என்னும் சொல்லை மனிதர் தமக்கே சூட்டிக்கொள்வதையும் அவர் பொறுக்கவில்லை.

மரமும் மனிதரும்

மரத்தைப் பற்றிய சிந்தனையை மனிதருக்கு அப்படியே பொருத்துவது பிழை. அக்குவினாஸ் இதிலும் தெளிவாக இருக்கிறார். அழியா ஆன்மா உடைய மனிதரில், இனம் மட்டுமன்று, ஒவ்வோர் ஆளும் தனக்காகவே விரும்பப்படுகிறார். ஆகவே மரத்திற்கு நாம் தயங்கித் தயங்கி வாதாடிப் பெற்றுத் தந்த மதிப்பு, மனிதருக்கு வாதமின்றியே உரியது. சேற்றில் நிற்கும் ஒரு கலப்பு மரத்துக்காக இத்துணை எண்ணிப் பார்க்கும் நாம், நம் பக்கத்து வீட்டு மனிதருக்காக எண்ணிப் பார்க்கிறோமா?

இரு செய்திகளில் நம் மனச்சான்றைச் சோதித்துக்கொள்வது நலம்.

ஒன்று, கலப்பு என்னும் சொல். கலப்பு மணம் என ஒரு திருமணத்தைச் சுட்டும்போது, மணமக்கள் இருவரும் இருவேறு இனத்தவர்போல் நாம் பேசுகிறோம். பிச்சாவரத்தில் கலந்தவை உண்மையிலேயே இருவேறு இனங்கள். அதனாலேயே அவற்றின் வழித்தோன்றல் காய்ப்பதில்லை. மனிதரிலோ இனம் ஒன்றே. உலகின் எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்தம் டி.என்.ஏ. எழுத்துகள் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒத்தவை. எஞ்சிய சிறு வேற்றுமையிலும் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள் காணப்படுவதே என 1972-இல் ரிச்சர்ட் லுவாண்டின் கணக்கிட்டுக் காட்டினார். சாதி என்னும் சுவருக்கு உயிரணுவின் பதிவேட்டில் இடம் இல்லை. நம் திருமுழுக்குப் பதிவேட்டிலும் இருக்கலாகாது. ஒரே திருவிருந்தில் பங்குகொண்டு வந்தபின் கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் வரிசை பார்ப்பவர், அறிவியலையும் நற்செய்தியையும் ஒருங்கே மறுக்கிறார். சாதி மாறி மணந்த பிள்ளைகளைத் தம் கையாலேயே கொல்லும் கொடுமை நம் மாநிலத்தில் இன்னும் ஓயவில்லை. இதை எழுதவும் கை கூசுகிறது.

மற்றொன்று, குழந்தைப்பேறு. ஆகஸ்டு 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை நடைபெறும் அன்னை வேளாங்கண்ணியின் திருவிழாவில், பெசன்ட் நகர்த் திருத்தலத்தை நாடி வருவோரிடையே பிள்ளை வரம் வேண்டி வருவோர் எத்தனை பேர்! அவர்கள் வேண்டுதல் நியாயமானது. அன்னையிடம் கேளாமல் யாரிடம் கேட்பார்கள்? பிள்ளை இறைவனின் கொடை. அதற்காக ஏங்குவதில் பழியில்லை. பழி இருப்பது வேறிடத்தில். மணமான மூன்றாம் மாதமே ‘ஏதும் விசேஷம் உண்டா?’ எனக் கேட்கத் தொடங்கும் நம் நாவில் இருக்கிறது. மங்கல காரியங்களில் சிலரை மட்டும் ஒதுங்கி நிற்கச் செய்யும் நம் கண்ணில் இருக்கிறது. மருத்துவச் சோதனைக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு, கணவனைப் பற்றிப் பேச்செடுக்காத நம் வீடுகளில் இருக்கிறது. மலடு என்னும் சொல் மண்ணுக்கும் மரத்துக்கும் உரிய சொல். கடவுளின் சாயலுக்கு உரியதன்று.

பிள்ளையற்றோர் திருச்சபையின் விளிம்பில் நிற்பவர் அல்லர். சக்கரியாவும் எலிசபெத்தும் திருமுழுக்கு யோவானைப் பெற்ற பின்னர்தான் இறைவன் முன் நேர்மையாளர் ஆனார்கள் என லூக்கா சொல்லவில்லை. பிள்ளை இல்லாமலே முதிர்ந்துவிட்ட காலத்தில்தான் அவர்களை நேர்மையாளர் என அறிமுகம் செய்கிறார். துறவு பூண்டவராகிய நமக்கும் நம் பதிவேட்டின் அடுத்த பக்கம் வெறுமையானதே. மக்களோ நம்மைத் தந்தை என்றும் கன்னியரைத் தாய் என்றும் தயங்காது அழைக்கிறார்கள். அத்தாராளத்தைத் தம் பக்கத்தில் முழந்தாளிடும் பிள்ளையற்ற தம்பதியருக்கும் அவர்கள் நீட்டலாகாதா?

எண்ணுவதும் போற்றுவதும்

அறிவியலாரின் உழைப்பைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. எண்ணிப் பாராதவன் காக்கவும் மாட்டான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் தாவர மையத்தை நிறுவிய இயேசு சபை அருட்தந்தை கே.எம். மாத்யூ, தமிழகச் சமவெளிகளின் செடிகளையும் பழனி மலைச் செடிகளையும் ஒவ்வொன்றாகத் தேடி, உலர்த்தி, பெயர் குறித்து, பெருந்தொகுதிகளாக வெளியிட்டுவிட்டு 2004-இல் மறைந்தார். அச்செடிகளுள் பல எவருக்கும் உணவும் அல்ல, மருந்தும் அல்ல. அவற்றின் பெயரை எழுதி வைத்ததே ஒரு வழிபாடு என நாம் சொல்வது மிகையாகாது. மரபணுக் கோடுகளை எண்ணும் இளைஞரும் அப்பணியின் அடுத்த படியையே ஏறுகிறார்கள். வேறுபாட்டைக் கண்டறிதல் அவர்கள் பணி; கண்டறிந்ததைப் போற்றுதல் நம் யாவரின் பணி.

1990-களில் பிச்சாவரத்தின் பாழ்பட்ட திட்டுகளை மீட்டவர்கள் செய்ததும் இதுவே. வெள்ளையர் காலந்தொட்டுப் பல்லாண்டுகள் காட்டை முறைவைத்து முழுதாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறிக் கிடந்தது. வனத்துறையாரும் தரமணி நிறுவனத்தாரும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். கடல் நீர் நாள்தோறும் வந்து போக வழி கிடைத்ததும், வறண்ட திட்டில் கன்றுகள் பிடித்துப் பச்சை திரும்பியது. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அக்கால்வாய்க்குள் நீர் வந்தபோது காய்க்கும் மரம் எது, காய்க்காத மரம் எது எனக் கேட்டு வரவில்லை. எல்லா வேரையும் நனைத்தது.

நம் பங்குகளும் குடும்பங்களும் அத்தகைய கால்வாய்களாகுமாயின், படுக்கையில் கிடக்கும் முதியவரும், மடி நிறையாத பெண்ணும், சாதி மாறி மணந்து ஊரை விட்டுப் போன இளையோரும் தாம் பட்ட மரம் அல்லர் என்பதை நம் சொல்லால் அன்று, நாம் நடத்தும் முறையால் அறிவார்கள். அடுத்த முறை ஒரு புதுமணப் பெண்ணைக் கோயில் வாசலில் காணும்போது, ‘விசேஷம் உண்டா?’ என்பதை விடுத்து ‘நலமா, அம்மா?’ எனக் கேட்போம். அவ்வளவில் தொடங்கலாம்.